தென்னாப்பிரிக்காவில் சிறு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோருவது எப்படி?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுப் பட்டறையிலே நீரோட்டத்தால் சுழலும் சிறு டர்பைனையோ, ஊசி போட்டதும் முனையைத் தானே மூடிக்கொள்ளும் உறையையோ உருவாக்கியவர், அதை வெளியில் எவருக்கும் காட்டுமுன் விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்ப நாளுக்கு முன் உலகில் எங்கேனும் வெளிப்பட்டுவிட்டதை 1978ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் புதியதாகக் கொள்வதில்லை.

முதற்படியாக, விண்ணப்ப நாளை உறுதிசெய்துகொள்ள உதவும் தற்காலிக விண்ணப்பத்தைக் கண்டுபிடிப்பாளரே பிரிட்டோரியாவிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் அளிக்கலாம். கவனமெல்லாம் விளக்கத்தில் இருக்கட்டும். "உறை மூடிக்கொள்ளும்" என்று எழுதினால் போதாது: ஊசியைத் தோலிலிருந்து எடுக்கையில் சுருள்வில் உறையை முன்னே தள்ளுவதையும், உறையின் பக்கப் பல் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்வதால் அது மறுபடி பின்வாங்க முடியாமற்போவதையும், உறுப்புகளுக்கு எண்ணிட்ட வரைபடத்துடன் சொல்ல வேண்டும். டர்பைனானால் தகடுகளின் கோணமும் நீர் புகும் வழியும் முக்கியம். பளபளப்பான புகைப்படம் இங்கே அவ்வளவாக உதவாது. விளக்கத்தில் விட்டுப்போனதற்கு முதல் விண்ணப்பத்தின் தேதி கிடைக்காது.

தற்காலிக விண்ணப்பம் அளித்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விண்ணப்பத்தை அளிக்க வேண்டும். அதற்குக் காப்புரிமை வழக்கறிஞர் தேவை, பெருஞ்செலவும் அங்கேதான். வெளிநாட்டில் உரிமை கோருவோருக்கும் முதல் விண்ணப்பத்தின் தேதியைக் காத்துக்கொள்ள அதே 12 மாதங்கள்தான். முழு விண்ணப்ப நாளிலிருந்து காப்புரிமை 20 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தொடங்கி, ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்திவர வேண்டும்.