சோளகத்தில் தட்டையாகக் கிடக்கும் கடல்: கயாக்கில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் கரைகளில் தூண்டிலும் கயாக்குமாக நிற்கும் பெடியளைக் கண்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் விட்ட அதே பிழைகளை இவர்களும் அச்சுப்பிசகாமல் விடுகிறார்கள். தொப்பி போடு, தண்ணீர்ப் போத்தல் கொண்டு போ என்பதெல்லாம் வீட்டில் அம்மா சொல்லியிருப்பா. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரையைப் பார்த்துக் கடலை எடைபோடுவது

வாடைக்காலத்தில் குடாநாட்டின் வடகரையில் உள்ள மாதகலிலோ காங்கேசன்துறையிலோ கயாக்கை இறக்க யாருக்கும் மனம் வராது. வடகிழக்குக் காற்று அலையைக் கொண்டுவந்து கரையிலேயே அடிக்கும். பார்த்தவுடனே பயந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏமாற்றுவது சோளகம்தான். மே கடைசி தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்று, குடாநாட்டைக் கடந்து வடகரைக்கு வரும்போது நிலத்திலிருந்து கடலுக்குள் போகும். அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓட இடம் வேண்டும். கரையோரத்தில் அந்த இடம் இல்லை. அதனால் முதல் சில நூறு மீற்றர் தண்ணீர் அசையாமல் கிடக்கும். துடுப்பை இரண்டு தரம் போட்டாலே கயாக் பறக்கும். புதியவர் அதைத் தன் கைப்பலம் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு கிலோமீற்றர் தாண்டினால் கதை வேறு. பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். காற்றுப் பிடித்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் மூச்சுவிட நேரம் தராமல் வரும். சாமானோடு ஒரு மீன்பிடிக் கயாக் அமைதியான நீரில் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் போகும். எதிர்க்காற்றில் அதில் பாதி போனாலே பெரிய விஷயம். ஒரு மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றுகிற நேரத்துக்குள் நீங்கள் வலித்து வந்த தூரத்தைக் காற்று பறித்துவிடும். அது கொண்டுபோகும் திசையில் இருப்பது வங்காள விரிகுடா.

மாதகல் பக்கம் இரண்டு பேர் இப்படித்தான் இறங்கினார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, “தம்பியவை, காத்து வெளியாலை தள்ளுது. போகேக்க சுகமாத்தான் இருக்கும்” என்றார். “கடல் குளம் மாதிரிக் கிடக்குது ஐயா” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பத்து மணிக்கு மேல் காற்று ஏறியது. மத்தியானம் அந்தப் பெரியவரின் மருமகன்தான் படகெடுத்துப் போய் இரண்டு பேரையும் கட்டி இழுத்துவந்தார். வந்தவர்கள் கரையில் நின்று படம் எடுத்தார்களே தவிர, மண்ணெண்ணெய்க் காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு அன்றைய தொழிலும் போனது. எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் அதுதான்.

இறங்க முன் தண்ணீரைப் பார்க்காதீர்கள், திரும்பிப் பனைகளைப் பாருங்கள். ஓலை கடல் பக்கம் சாய்ந்து சலசலத்தால் காற்று உங்களை வெளியே தள்ளும். அப்புறம் அடிவானம்: கோடு நேராக இல்லாமல் பல்லுப் பல்லாகத் தெரிந்தால் வெளியில் அலை இருக்கிறது. சந்தேகமா? கரைக்குக் கிட்டவே ஐந்து நிமிடம் வெளியே வலித்து, அதே தூரம் திரும்பி வந்து பாருங்கள். பத்து நிமிடம் பிடித்தால் அன்றைக்கு வடகரை வேண்டாம். பண்ணை, அராலிப் பக்கம் ஆழம் குறைந்த பரவைக்கடல் (களப்பு) இருக்கிறது. கவிழ்ந்தாலும் பல இடங்களில் எழுந்து நிற்கலாம். வடகரைதான் வேண்டுமென்றால் விடியக் காலமை இறங்கி, கரையை ஒட்டியே நின்று, காற்று ஏற முன் வந்துவிடுங்கள்.

நங்கூரத்துக்குக் குட்டைக் கயிறு

அந்த இரண்டு பேரிடமும் நங்கூரம் இருந்தது. கயிறு எட்டு மீற்றர்! ஆழத்தைப்போல மூன்று மடங்காவது கயிறு வேண்டும். 10 மீற்றர் தண்ணீருக்கு 30 மீற்றர். அது இருந்திருந்தால் காற்று தள்ளத் தொடங்கியதுமே போட்டுவிட்டு, ஃபோன் எடுபடும் தூரத்தில் நின்று ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கயிற்றை இருக்கைப் பக்கத்தில் கட்டாதீர்கள். அலைக்குக் கயாக் குறுக்கே திரும்பிக் கவிழும். அலை அடிக்கும்போது முன்முனையில் கட்டுவதே சரி. அவசரத்தில் அறுக்க ஒரு கத்தி கைக்கெட்ட இருக்கட்டும்.

உயிர்காப்பு அங்கி

இருக்கைக்குப் பின்னால் கட்டிவைத்திருந்தால் அது வெறும் சாமான்.

திரும்ப ஏறப் பழகாதது

காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நெஞ்சளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். முதலில் வயிற்றால் குறுக்கே விழுந்து, பிறகு புரண்டு இருந்து, கடைசியில்தான் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். முழங்காலை முதலில் வைப்பவர் மற்றப் பக்கத்தால் விழுவார்.

சிறகுவலைத் தடியில் கயாக்கைக் கட்டுவது

சிறகுவலை என்பது ஆழம் குறைந்த கடலில் தடி நட்டுக் கட்டும் மீன்வலை. அது இன்னொருவரின் தொழில். கட்டாதீர்கள்.

மீனை மடியில் போடுவது

கயாக்கில் மீன் விழுகிற இடம் உங்கள் தொடை. ஓரா மீனின் முதுகு முள்ளிலும் வயிற்று முள்ளிலும் விஷம் இருக்கிறது, கெளிறு மீனும் லேசில் விடாது. ஈரத்துணியால் அமுக்கிக் குறட்டால் தூண்டிலைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், கரைக்கு வந்து குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீரில் வைத்திருங்கள், வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துவிட்டு வையுங்கள். திருக்கை முள் உடைந்து உள்ளே நின்றால் நீங்களாக இழுக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.