‘ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்’: காது கேளாத பிள்ளை வளரும் வீட்டுக்கு

என் மகளுக்குக் காது குத்தியபோது அவளுக்கு 11 மாதம். திருமங்கலம் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்திருக்கிறோம், நாலடி தள்ளித் தவிலும் நாதஸ்வரமும் முழங்குகின்றன, பிள்ளை பாட்டுக்குத் தூங்குகிறது. ‘என்னா அமைதியான பிள்ளை’ என்று வந்தவர்களெல்லாம் கொஞ்சினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்றரை வயதில் பேச்சு வரவில்லையே என்று ஒரு மருத்துவரிடம் போனோம். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், மூன்று வயது வரை பாருங்கள் என்றார். ‘அவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்’ என்று என் மாமியாரும் சொன்னார். கடைசியில் கண்டுபிடித்தபோது அவளுக்கு இரண்டே முக்கால் வயது. அதுவரைக்கும் அவளிடம் எந்த மொழியும் போய்ச் சேரவில்லை, தமிழும் இல்லை, சைகையும் இல்லை. இப்போது அவளுக்கு 16 வயது, நன்றாக இருக்கிறாள், ஆனாலும் அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ வகுப்பிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்யலாம் என்று, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன்.

சந்தேகம் வந்த அன்றைக்கே பரிசோதனைக்குப் போங்கள். பிறந்து 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குவது, இதுதான் காது மருத்துவத்தில் வைத்திருக்கும் கணக்கு. ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும், ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு சொல் வர வேண்டும், இரண்டு வயதில் ‘பால் வேணும்’ மாதிரி இரண்டு சொல் சேர வேண்டும். வீட்டில் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். நிழல் ஆடினாலும், காற்று பட்டாலும், தரை அதிர்ந்தாலும் பிள்ளை திரும்பிவிடும், நாமும் காது கேட்கிறது என்று சமாதானமாகிவிடுவோம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு வருடம் போனது.

மதுரையில் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் இருப்பவர்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே மேல்சோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். முதலில் செய்வது ஓஏஇ, உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை, காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் சரி என்று வந்தாலும், குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்த பிள்ளை, பிறந்ததும் மஞ்சள் காமாலை கடுமையாக வந்த பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை என்றால் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பார்க்கும் பெரா சோதனையும் கேளுங்கள், ஏனென்றால் காது சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓஏஇயில் அது தெரியாது. பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டும். முந்தின ராத்திரி லேட்டாகத் தூங்க வைத்து விடியற்காலையில் எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்க விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள், தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் பட்டைகள் எண்ணெயில் நிற்காது. அப்படித் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு போய் ஒரு நாளை வீணாக்கிய குடும்பங்களை அங்கேயே பார்த்திருக்கிறேன்.

யாரால் வந்தது என்ற பேச்சை அன்றைக்கே நிறுத்துங்கள். சொந்தத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் குடும்பங்களில் பரம்பரையாக வரும் காது கேளாமை கூடுதலாக இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த வகையில் பெரும்பாலும் அம்மா, அப்பா இருவரிடமும் அது மறைந்திருந்துதான் பிள்ளைக்கு வருகிறது. அம்மாவை மட்டும் மூலையில் உட்கார வைத்து அழ விடுவதில் நியாயமே இல்லை.

அடுத்து காது மெஷின். அரசு இலவசமாகத் தருகிறது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். வாங்குவதைவிட அதைக் காதில் நிற்க வைப்பதுதான் வேலை. மெஷின் கண்ணாடி மாதிரி இல்லை, போட்ட உடனே எல்லாம் தெளிவாகிவிடாது, மூளைக்கு அந்தச் சத்தங்கள் பழக மாதக்கணக்காகும். முதல் நாள் பத்து நிமிடம், அப்புறம் அரை மணி நேரம், அப்படியே கூட்டிக்கொண்டு போய், விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருக்கும்படி ஆக்குங்கள். கீச்சென்று விசிலடித்தால் பெரும்பாலும் காது வளர்ந்து மோல்டு, அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சு, தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், சின்னப் பிள்ளைகளுக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை புது மோல்டு எடுக்க வேண்டியிருக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வேர்வைதான் மெஷினுக்கு முதல் எதிரி. ராத்திரி கழற்றியதும் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிரித்ததும் ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப் பட விட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும். அந்தப் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். பெண் பிள்ளைக்கு மல்லிகைச் சரத்தை மெஷினில் உரசாத மாதிரி வைத்துவிடுங்கள், மைக்கில் அது கரகரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும், பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது, மெஷினைத்தான் பிடுங்கிப் போடும்.

காலையில் மெஷின் போட்டதும் ஆறு சத்தம் சொல்லிப் பாருங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சில் வரும் அடித்தொண்டைச் சத்தத்திலிருந்து மெல்லிய சீறல் வரை இந்த ஆறுக்குள் அடங்கும். உதடு தெரியாமல் பின்னால் நின்று சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் கேட்கிறபோதெல்லாம் பல்லாங்குழியில் ஒரு புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள். நேற்று வரை போட்ட ‘ஸ்’ஸுக்கு இன்றைக்குப் போடவில்லை என்றால் பேட்டரியையும் மோல்டையும் பாருங்கள், அதுவும் சரியாக இருந்தால் கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடம் போங்கள்.

மெஷினால் பலன் இல்லாத அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன், அதாவது உள்காதில் கருவி வைத்துக் கேட்கும் நரம்புக்கு நேராகச் சத்தத்தைக் கொண்டுபோவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இது இலவசம், வெளியே பல லட்சம் ஆகும். வயது ஏற ஏறப் பலன் குறையும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்தால் பிள்ளை பேசிவிடும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசு பதைக்கிறது. சில வாரம் கழித்துத்தான் கருவியையே ஆன் செய்வார்கள், அதற்கப்புறம் வருடக்கணக்கில் பயிற்சி இருக்கிறது. பயிற்சி எங்கே, வாரம் எத்தனை நாள், யார் கூட்டிக்கொண்டு போவது, மில் வேலைக்கோ காட்டு வேலைக்கோ போகும் அம்மாவின் ஒரு நாள் கூலிக்கு என்ன வழி, இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். பயிற்சி அறையில் கிடைப்பது ஒரு மணி நேரம். மிச்சம் அத்தனையும் இட்லி ஊற்றும்போதும், வெங்காயம் உரிக்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் நீங்கள் பேசுவதுதான். ‘தண்ணி ஊத்துறேன், ஜில்லுன்னு இருக்கா’ என்று செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

சைகை மொழியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும், எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. ‘சைகை கத்துக்குடுத்தா பேச்சு வராது’ என்று எங்களைப் பயமுறுத்தினார்கள், நாங்களும் அவள் கையைப் பிடித்து அடக்கினோம். அது தப்பு. சைகை பேச்சைத் தடுக்காது. மெஷின் பலன் தருமா, ஆபரேஷன் பலன் தருமா என்று தெரியவே வருடங்கள் ஆகும், அதுவரை பிள்ளையின் மூளை பட்டினி கிடக்கக்கூடாது. இரண்டையும் கொடுங்கள், எது தனக்கு வசதியோ அதைப் பிள்ளையே பிடித்துக்கொள்ளும். இந்திய சைகை மொழி வெறும் கையாட்டல் இல்லை, அதற்கென்று இலக்கணம் இருக்கிறது. ‘உன் பெயர் என்ன’ என்பதில் ‘என்ன’ கடைசியில்தான் வரும், தமிழ்க்காரர்களுக்கு இது சுலபம். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு மேல் வீடியோ அகராதி போட்டிருக்கிறது, யூடியூபில் இலவசம், சைன் லேர்ன் என்ற செயலியும் இருக்கிறது. தினமும் ராத்திரி ஐந்து சொல், குடும்பத்தோடு. ஆனால் வீடியோ மட்டும் போதாது, ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறும். காது கேளாத பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எங்களுக்குக் கிடைத்தவர் டெய்லர் கடையில் வேலை பார்த்த ஒரு அண்ணன். அவர் தன் மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்ததை என் மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பெரியவளானால் தனக்கும் காது கேட்கத் தொடங்கிவிடும் என்று அதுவரை நினைத்திருந்தாள், பாவம்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பாட்டியும் மாட்டியும் ஒன்று, படியும் மடியும் ஒன்று. பிள்ளை பாதியை ஊகித்துத்தான் சமாளிக்கிறது, சாயங்காலம் ஆனால் களைத்துப்போய் எரிந்து விழும், அதைப் பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். பேசும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். தோளைத் தொட்டோ தரையைத் தட்டியோ கூப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். கத்த வேண்டாம், உதட்டைக் கோணலாக்கவும் வேண்டாம். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தையே நாலு தடவை சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள்.

எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது யாரோ ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை ‘என்ன?’ என்று கேட்கும். ‘ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்’ என்போம். அந்த அப்புறம் வரவே வராது. என் மாமியார் இறந்தபோது மகளுக்கு ஆறு வயது. சாவுக்குச் சைகை எங்களுக்குத் தெரியாது, யாருக்கும் மனதும் வரவில்லை, அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். திரும்பி வந்தவள் பல நாள் அப்பத்தாவின் தட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது: சிரித்தாலும் அழுதாலும் சண்டை போட்டாலும், பக்கத்தில் இருப்பவர் அவளுக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும். அது அற்பமான விஷயமாக இருந்தாலும் சரி. கேட்கிற பிள்ளைகள் பக்கத்து அறையில் நாம் பேசுவதைக் கேட்டே உலகத்தில் பாதியைத் தெரிந்துகொள்கிறார்கள், இவர்களுக்கு அந்த வழி இல்லை.

உடம்பைப் பற்றியும் அப்படித்தான். எல்லா உறுப்புக்கும் சைகை கற்றுக்கொடுங்கள், ‘தொடாதே’ சொல்லக் கற்றுக்கொடுங்கள். சொல்ல முடியாது என்று நினைத்துத்தான் கயவர்கள் இந்தப் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். ஏதாவது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி சைகை தெரிந்தவரை வைத்துப் பிள்ளையின் வாக்குமூலத்தை வாங்க வழி இருக்கிறது. அப்புறம் ‘ஊமை’, ‘டமாரம்’ என்று சொந்தக்காரர்கள் சொன்னால் அங்கேயே திருத்துங்கள், பிள்ளைக்குக் கேட்காது என்று விடாதீர்கள், முகத்தைப் பார்த்தே அதற்குத் தெரிந்துவிடும்.

பக்கத்துப் பள்ளியா, காது கேளாதோர் பள்ளியா என்று கேட்டால், பிள்ளையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மதுரையிலேயே சிறப்புப் பள்ளி உண்டு, பாளையங்கோட்டையில் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் ஃப்ளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி இருக்கிறது. தன்னைப் போன்ற பிள்ளைகளோடு வளர்வதற்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை உடனே போய்ப் பாருங்கள். ஆசிரியர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான்: முன்வரிசையில் ஓரமாக உட்கார வையுங்கள், அங்கிருந்து உங்கள் முகமும் தெரியும், மற்றப் பிள்ளைகள் முகமும் தெரியும். போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள். சொல்வதெழுதுதலில் குறைந்த மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை மக்கு என்று முடிவு கட்டாதீர்கள். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் உண்டு, தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். விலக்கு வாங்கினாலும் ஆங்கிலம் படிப்பதை விட வேண்டாம். போனிலும் வேலையிலும் எழுத்துதான் அவர்களுக்குக் குரல்.

யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், பேருந்துச் சலுகை முதல் உதவித்தொகை வரை அதைத்தான் கேட்பார்கள், குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடம், அதில் 1 சதவீதம் காது கேளாதவர்களுக்கு. கல்லூரிக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் இவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. பதினைந்து பதினாறு வயதானால் கடைக்கும் வங்கிக்கும் தனியாக அனுப்புங்கள், போனில் எழுதிக் காட்டி வாங்கி வரட்டும். அவர்களுக்காக நாமே முந்திக்கொண்டு பேசும் பழக்கத்தை நான் இன்னும் முழுசாக விடவில்லை. மகள் என் கையைத் தட்டி நிறுத்துவாள்.

ஒன்று விட்டுப்போச்சு. ராத்திரி கரண்ட் போனால் சைகையில் பேசும் பிள்ளைக்குப் பேச்சும் சேர்ந்து போய்விடும். படுக்கைப் பக்கத்தில் ஒரு டார்ச் வையுங்கள். அதைப் பிள்ளையின் கண்ணில் அடிக்காதீர்கள், உங்கள் முகத்திலும் கையிலும் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, கரண்ட் போயிருக்கிறது, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.