கொறங்காட்டில் புகுந்த சீமைக்கருவேலம்: வேரோடு எடுக்கும் முறை

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி, இப்படி அமைந்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. நடுவில் சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்டால் அதன் அடியில் புல் எழும்பாது. அப்புறம் மாடு எதை மேயும்? எங்கள் 2 ஏக்கரை மூன்று மழைக்காலமாகச் சுத்தம் செய்ததில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் மரத்தைச் சரியாக அடையாளம் காணுங்கள். அவசரத்தில் வெள்வேலத்தை வெட்டினால் அந்த நிழல் திரும்ப வரப் பல வருஷம் ஆகும். பூவைப் பாருங்கள். வெள்வேலம், நாட்டுக் கருவேலம் இரண்டுக்கும் பூ சிறு பந்தாக உருண்டிருக்கும். சீமைக்கருவேலத்துக்கு வால் போல நீண்டு தொங்கும். பூக்கும்போதே, காக்க வேண்டிய மரங்களில் துணி கட்டி வைத்துவிடுங்கள்.

ஐப்பசி மழையில் மண் இளகியதும் வேலையைத் தொடங்கலாம். முழங்கால் உயரக் கன்றுகளை ஈரத்தில் கையாலேயே பிடுங்கலாம். முள் செருப்பைத் துளைக்கும், கனத்த பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய மரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். முதல் வருஷம் நாங்களும் தரையோடு வெட்டினோம், அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து நின்றது. துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் முண்டில் இருக்கின்றன. அதனால் அடியைச் சுற்றி 1 அடி ஆழம் பறித்து, முண்டு முழுவதும் வெளியே வரும்படி அதற்குக் கீழே வேரை வெட்ட வேண்டும். கடப்பாரையும் கோடாரியும் போதும். ஜேசிபி விட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் நல்ல புல்லின் வேரையும் புரட்டிப் போட்டுவிடும். வெறும் மண்ணில் முதலில் முளைப்பது சீமைக்கருவேலமேதான்.

குழியை மூடி, அன்றே கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவுங்கள். புல் வேர் பிடிக்கும்வரை அந்தப் பக்கம் ஆடு விடாதீர்கள்.

ஆடு, மாடு சீமைக்கருவேலக் காயை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியே வந்து முளைக்கும். வெளியில் மேய்ந்து வந்த ஆடுகளை ஒரு வாரம் பட்டியில் அடைத்துத் தீவனம் போட்ட பிறகே கொறங்காட்டுக்குள் விடுகிறோம். சரி, அப்படியும் சில முளைக்கும். பட்டி ஓரத்தையும் மாடு படுக்கும் மரத்தடியையும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு நடை பார்த்து, ஒரு சாண் வளர்வதற்குள் பிடுங்கிவிடுங்கள்.