அழிந்த வால்யூமை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கப் எடுங்கள், கட்டளையை இருமுறை படியுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டிக்கு லினக்ஸ் சர்வர் வேலைக்கு வரும் பிள்ளைகள், நாங்கள் அந்த நாளில் விழுந்த குழியிலேயே வரிசையாக வந்து விழுகிறார்கள். அதனால் எல்.வி.எம். வால்யூம்களை, அதாவது வட்டுகளின் இடத்தைச் சேர்த்துப் பங்கிட்டுத் தரும் லினக்ஸ் ஏற்பாட்டில் உருவாகும் பகுதிகளை, பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதே பெயரில் புதிதாக உருவாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸ் முழுக்க விடுமுறை. பராமரிப்பு வேலைக்குத் தோதான நாள். அப்படியொரு நாளில் ஒரு தம்பி, வால்யூமை நீக்கும் 'எல்.வி.ரிமூவ்' கட்டளைக்குத் தவறான பெயரைக் கொடுத்துவிட்டான். அதுவரை குடி முழுகிவிடவில்லை. வட்டின் எந்தப் பகுதி எந்த வால்யூமுக்கு உரியது என்ற குறிப்புதான் நீங்கியிருந்தது. தரவு கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவனோ பதறிப்போய் அதே பெயரில், அதே அளவில் புதிய வால்யூம் ஒன்றை உருவாக்கினான். "மவுண்ட் ஆகவில்லை, அண்ணா" என்று என்னை அழைத்தபோது அதன்மேல் ஃபார்மேட்டும் ஓட்டி முடித்திருந்தான்.

புது வால்யூம் பிறக்கும்போதே அதன் முதல் 4 கிலோபைட்டை எல்.வி.எம். பூஜ்யமாக்கிவிடும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக் தொடங்குவது 1024ஆம் பைட்டில். பிறகு எப்படி மவுண்ட் ஆகும்? அங்கேயே கையைக் கட்டிக்கொண்டிருந்தால், 32768ஆம் பிளாக்கில் வழக்கமாக இருக்கும் சூப்பர்பிளாக் நகலைக் கொண்டு சரிசெய்ய வாய்ப்பிருந்தது. ஃபார்மேட் அதையும் கெடுத்தது. எஸ்.எஸ்.டி. என்றால் அந்தக் கட்டளை எழுதத் தொடங்குமுன் வால்யூம் முழுவதையும் 'டிஸ்கார்ட்' செய்யும்; அதாவது இந்த இடத்திலுள்ள தரவு இனி வேண்டாம் என்று வட்டுக்குச் சொல்லிவிடும். யாரும் கேட்காமலே செய்யும். எல்.வி.எம். அமைப்பில் 'இஷ்யூ டிஸ்கார்ட்ஸ்' பூஜ்யமாகத்தானே இருக்கிறது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அது எல்.வி.எம். தானாக அனுப்பும் டிஸ்கார்டை மட்டுமே தடுக்கும்.

எட்ஸி அடைவில், எல்.வி.எம். பிரிவின் ஆர்க்கைவுக்குள், 'எல்.வி.ரிமூவ்' ஓடுவதற்கு முந்தைய குறிப்பு பத்திரமாக இருந்தது. எந்தக் கட்டளைக்கு முன் எடுத்தது என்பதுகூட அதிலேயே எழுதியிருக்கும். பழைய குறிப்பைத் திரும்ப ஏற்றும் 'வி.ஜி.சி.எஃப்.ஜி.ரீஸ்டோர்' கட்டளையில் பட்டியலைப் பார்த்து, 'டெஸ்ட்' வைத்து ஒத்திகை ஓட்டி, குறிப்பை ஏற்றி, வால்யூமை இயக்கியிருந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

பழைய குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவது

குறிப்பு வால்யூம் குழு முழுவதற்கும் சேர்த்தது. அதன் தேதிக்குப் பிறகு வேறொரு வால்யூமை நீட்டியிருந்தால், அந்த நீட்டிப்பும் காணாமல் போகும். தேதியைப் பாருங்கள்.

உடனே எஃப்.எஸ்.சி.கே. ஓட்டுவது

அது கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் கட்டளை; திருத்துவது என்றால் வட்டில் எழுதுவது. முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்யுங்கள். எக்ஸ்ட்4 என்றால் 'நோலோடு' விருப்பத்தையும் சேர்த்து. இல்லாவிட்டால் ஜர்னல், அதாவது முடியாத மாற்றங்களின் பதிவேடு, வட்டில் எழுதத் தொடங்கிவிடும்.

"ரெய்டு இருக்கிறதே!"

ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளில் வைக்கும் ஏற்பாடு அது. அழிப்பையும் அது விசுவாசமாகப் பிரதி எடுக்கும்.

ஆர்க்கைவும் போயிற்று என்று கைவிடுவது

இயங்குதளம் இருக்கும் ரூட் வால்யூமே போய்விட்டால் ஆர்க்கைவ் கோப்புகளும் போகும். ஆனால் வட்டின் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் முதல் ஒரு மெகாபைட்டுக்குள், அதே குறிப்புகள் வெறும் எழுத்தாக இருக்கின்றன; பழைய பதிப்புகளும் அடுத்தடுத்துக் கிடக்கும். வட்டை அப்படியே நகலெடுக்கும் 'டி.டி.' கட்டளையைக் கொண்டு அந்தப் பகுதியை வேறொரு வட்டுக்கு எடுத்து, உரைக் கோப்பைப் போலத் திறந்து, உங்கள் வால்யூமின் பெயரைத் தேடுங்கள்.