பழைய ஆல்ட்டோவில் கூலன்ட் சென்சார்: அளந்த பிறகு கழற்றுங்கள்

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் இருமிக்கொண்டு கிளம்புகிறது. பின்னால் பெட்ரோல் வாடை, மைலேஜும் இறங்கிவிட்டது. ஆனால் செக் இன்ஜின் லைட் மட்டும் எரியவில்லை. பழைய மாருதி ஆல்ட்டோவில் இத்தனையும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை. சந்தேகம்தான், முடிவு அல்ல. பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். மல்டிமீட்டர் வைக்காமல் பாகம் மாற்றுவது எனக்கு ஒவ்வாது.

இந்தச் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். சுசூகி வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் பக்கம் இருக்கும், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இதற்கு 5 வோல்ட் கொடுத்து, திரும்பி வரும் அளவை வைத்து இன்ஜின் எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தால் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும்.

வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ கம்ப்யூட்டருக்கு உடனே புரிந்துவிடும். லைட்டைப் போட்டுவிட்டு, இன்ஜின் 80 டிகிரியில் இருப்பதாகத் தானே வைத்துக்கொண்டு, ரேடியேட்டர் ஃபேனை நிற்காமல் ஓட விடும். அதனால் வண்டி எப்படியோ வீடு வந்து சேரும். தொல்லை கொடுப்பது, பார்த்தால் நியாயமாகத் தெரிகிற தவறான அளவைச் சொல்லும் சென்சார்தான். கம்ப்யூட்டர் அதை நம்பிவிடும், லைட்டும் வராது.

அப்படியென்றால் சென்சாரை மாற்றிவிட வேண்டியதுதானே? இல்லை. கனெக்டரை முதலில் பாருங்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கனெக்டர் பின்னில் பச்சைத் துரு பூத்து, ஒரு கிலோ ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் இன்ஜின் 30 டிகிரியில் இருக்கும்போது சென்சார் ஒன்றரை கிலோ ஓமுக்குச் சற்று மேலே காட்டும். அதோடு ஒரு கிலோ சேர்ந்தால் கம்ப்யூட்டருக்கு 18 டிகிரி போலத் தெரியும். பெரிய பாதகமில்லை, வண்டி பிடித்துவிடும். இன்ஜின் 80-க்குப் போனதும் சென்சார் 300 ஓம்தான். இப்போது அதே ஒரு கிலோ சேர்ந்தால் மொத்தம் 1,300. கம்ப்யூட்டர் அதை 40 டிகிரிக்கும் கீழே என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை ஊற்றும். காலையில் நன்றாக இருந்த வண்டி சூடானதும் மக்கர் செய்வது இதனால்தான்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சரின் 2007 மாடல் ஆல்ட்டோ இப்படித்தான் வந்தது. "சென்சார் மாத்தணும்னு சொல்லிட்டாங்க அண்ணா, நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்றார். சென்சார் பிளக்கைக் கழற்றினால் இரண்டு பின்னும் பச்சை. காண்டாக்ட் கிளீனரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும்தான் செலவு. சென்சார் அப்படியே இன்னும் ஓடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே இன்ஜின் பக்கம் போனால், கூலன்ட் சூடானதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கும் இடம் வரும். சென்சார் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே இரண்டு சமாச்சாரம் இருக்கலாம். ஒற்றை வயரோடு இருப்பது டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள்ளுக்கு, இரண்டு வயரோடு இருப்பது கம்ப்யூட்டருக்கு. சில மாடல்களில் இரண்டையும் ஒன்றாக்கி மூன்று வயரில் வைத்திருப்பார்கள். முள் சரியாக நிற்கிறது என்பதற்காக, தனியாக இருக்கும் கம்ப்யூட்டர் சென்சாரும் சரி என்று முடிவு செய்யாதீர்கள்.

சாவியை ஆஃப் செய்துவிட்டு, லாக்கை அழுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் பழைய பிளாஸ்டிக் கையோடு வரும். எலி கடித்திருக்கிறதா என்றும் வயர் நெடுக ஒரு பார்வை. அப்புறம் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், பிளக்கின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 5 வோல்ட் பக்கம் வர வேண்டும். டெஸ்ட் லேம்ப் மட்டும் வேண்டாம், கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம். 5 வோல்ட் வந்துவிட்டதால் துரு இல்லை என்றும் ஆகிவிடாது. மீட்டர் கரண்டே இழுப்பதில்லை, அதனால் துருவைத் தாண்டியும் முழு வோல்ட்டைக் காட்டும். கண்ணால் பார்த்து, சுத்தம் செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுபடி சாவியை ஆஃப் செய்துவிட்டு, சென்சாரின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். சென்னைக் காலையில் ஆறிய இன்ஜின் என்றால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ ஓமுக்குள் இருந்தால் போதும். பிறகு பிளக்கை மாட்டி, மேல் ஹோஸ் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு, நிறுத்திய உடனே மறுபடி அளக்க வேண்டும். இப்போது 300 ஓமை ஒட்டி வர வேண்டும், அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. எழுநூறு, எண்ணூறு என்று காட்டினால்தான் சென்சார் குற்றவாளி. கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்பார்கள். வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி நம் நாட்டில் கட்டாயமாகத் தொடங்கியது 2010-இல் பிஎஸ்-4 புகை விதி வந்தபோதுதான். அதற்கு முந்தைய வண்டியோடு ஸ்கேனர் பேசினால் அதிர்ஷ்டம். மீட்டரே போதும்.

புதுச் சென்சார் சில நூறு ரூபாய்தான். சென்னையில் ஜிபி ரோட்டில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கேட்கலாம். பழையதைக் கையோடு கொண்டு போய், மரையையும் பின்னையும் ஒப்பிட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் கழற்றிய சாமான் கிடைக்கும், நானும் அங்கே நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் சென்சாரைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை. வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, முனையை மட்டும் முக்கி, தெர்மாமீட்டரோடு சேர்த்து அளந்து பாருங்கள். டூப்ளிகேட் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கழற்றுவது சுலபம். பேட்டரி நெகடிவைக் கழற்றி, ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். பெரும்பாலும் 19 எண் ஆழ சாக்கெட் பொருந்தும். புதுச் சென்சாரில் வாஷரோ ஓ-ரிங்கோ மாட்டித் தயாராக வைத்துக்கொண்டு, பழையது வெளியே வந்த கையோடு இதைச் செருகிவிட்டால் ஒரு டம்ளர் கூலன்ட்டுக்கு மேல் போகாது. முதல் சில சுற்றுகள் விரலாலேயே போக வேண்டும். மரை ஏறியிருப்பது அலுமினியத்தில், கோணலாக ஏற்றினால் சென்சார் செலவு பத்து மடங்காகும். 15 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். வாஷர் இருக்கும்போது டெஃப்லான் டேப் தேவையில்லை. ஒற்றை வயர் சென்சாரில் டேப் சுற்றவே கூடாது. அதற்கு எர்த் மரை வழியாகத்தான் கிடைக்கிறது, டேப் அதைத் தடுத்து முள்ளைக் குழப்பிவிடும்.

சிந்திய கூலன்ட்டை உடனே கழுவுங்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், அது விஷம்.

குறைந்ததை அதே வகைக் கூலன்ட்டால் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஐட்லிங்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை நடுநடுவே அதை அமுக்கினால் காற்று வெளியேறும். சென்சார் முனையில் காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் புதுச் சென்சாரும் பொய் சொல்லும். மூடியை மாட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். மறுநாள் ஆறிய பிறகு அளவைப் பார்த்துக் கொஞ்சம் சேர்க்க வேண்டி வரும்.

இத்தனை நாள் கூடுதல் பெட்ரோல் குடித்த இன்ஜின் இது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கரியைத் துடைத்துவிடுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கெடு வரவில்லை என்று தள்ளிப்போடாமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.