ஸ்நேக் ஆயில்: யாரைச் சொல்லலாம், எப்போது சொல்லலாம்

சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் 'ஸ்நேக் ஆயில்' (நேர்ப்பொருள் பாம்பு எண்ணெய், வழக்கில் ஏமாற்றுச் சரக்கு) வந்துவிட்டால் நேரே கிளார்க் ஸ்டான்லி கதைக்குப் போய்விடுவேன். அதைக் கேட்டவர்கள் இந்தத் தொடரைத் தப்பாகப் பயன்படுத்துவதில்லை.

ஸ்டான்லி அமெரிக்கர். 'ராட்டில்ஸ்நேக் கிங்', அதாவது கிலுகிலுப்பைப் பாம்பு ராஜா என்பது அவர் தனக்கே சூட்டிக்கொண்ட பட்டம். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில், கூட்டத்துக்கு முன்னால் உயிருள்ள பாம்பை அறுத்துக் கொதிநீரில் போட்டு, மிதந்த கொழுப்பை வழித்துக் காட்டினாராம். மூட்டுவலி, பல்வலி, சுளுக்கு, பூச்சிக்கடி என்று எல்லாவற்றுக்கும் அவர் விற்ற அந்த ஒரே பாம்பு எண்ணெய் பாட்டில்தான். பாம்புக்கடிக்கும்கூட! 1906இல் உணவு, மருந்துச் சட்டம் வந்த பிறகு அரசு அந்த எண்ணெயைச் சோதித்தது. பெரும்பகுதி வெறும் மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய். கூடவே ஒரு சதவீதம் அளவுக்குக் கொழுப்பு, அதுவும் மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம் என்றார்கள். அப்புறம் கொஞ்சம் மிளகாய்ச் சத்து. தேய்த்தால் சுள்ளென்று எரியும், வாங்கியவர் 'வேலை செய்யுது' என்று நம்பியிருப்பார். பாம்பு மட்டும் மருந்துக்கும் இல்லை. அபராதம் 20 டாலர்.

சரி, எங்கே சொல்லலாம்? யாரோ எதையோ நம் தலையில் கட்டப் பார்க்க வேண்டும், அதற்கு வானளாவ வாக்குறுதி தர வேண்டும், உள்ளே சரக்கு இருக்கக் கூடாது. வழுக்கையில் ஒரே மாதத்தில் முடி வளர்க்கும் தைலம், பெட்ரோல் டாங்கில் போட்டால் மைலேஜை இரட்டிப்பாக்கும் மாத்திரை எல்லாம் இந்த ரகம். 'யாராலும் உடைக்க முடியாத ரகசியக் குறியீடு' என்று விளம்பரம் செய்யும் சாப்ட்வேரையும் கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையினர் இப்படித்தான் கேலி செய்வார்கள். ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்று பையன் புளுகினால், அது வெறும் பொய். ஸ்நேக் ஆயில் ஆகாது.

'திஸ் இஸ் ப்யூர் ஸ்நேக் ஆயில்', 'ஹீ இஸ் செல்லிங் ஸ்நேக் ஆயில்' என்று சொல்லுங்கள். முன்னால் 'எ' வேண்டாம், பின்னால் 'ஸ்' வேண்டாம். ஆளைச் சொல்லும்போது மட்டும் 'எ ஸ்நேக் ஆயில் சேல்ஸ்மேன்'. இது கொஞ்சம் கனமான வசவு. தெரிந்தே ஏமாற்றுகிறான் என்று பொருள். கம்பெனி சொன்னதை நம்பி விற்கும் கடைக்காரரை அப்படிச் சொன்னால் அநியாயம். ஆபீஸ் மெயிலில் ஆளைத் தொடவே தொடாதீர்கள். 'தேர் இஸ் நோ எவிடன்ஸ் ஃபார் திஸ் க்ளெய்ம்' என்று எழுதினால் போதும், அவர்களுக்கே உறைக்கும்.