கால்குலேட்டர் இல்லாமல் மருத்துவ நுழைவுத் தேர்வுக் கணக்குகள்

மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பெரிய கணிதம் தேவையில்லை. பத்தின் அடுக்குகள், மடக்கை, விகிதம், அலகு மாற்றம் ஆகியவை கைக்கு வந்துவிட்டால் இயற்பியல், வேதியியல் கணக்குகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வரிகளில் முடியும். பாடம் நன்றாகத் தெரிந்தவர்களும் மதிப்பெண் இழப்பது இந்த எளிய இடங்களில்தான்.

கேள்வியைப் படித்ததும் விடைத் தெரிவுகளைப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று பல மடங்கு விலகியிருந்தால் 9.8ஐ 10 என்றும், பையின் வர்க்கத்தை 10 என்றும் வைத்துக்கொண்டு வேகமாகப் போடலாம். 4.9, 5.0 என்று நெருங்கி நின்றால் தோராயம் வேண்டாம்.

அதிகம் தடுமாற வைப்பது பிஎச் கணக்கு. பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கைக்கு எதிர்க்குறி இட்ட எண். பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵ கொண்ட அசிட்டிக் அமிலம், செறிவு 0.02 மோலார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 3.6 × 10⁻⁷. இதற்கு வர்க்கமூலம் காண வேண்டும். அடுக்கு ஒற்றைப்படையாக இருக்கும்போது அப்படியே மூலம் எடுக்கப் போனால் சிக்கல்தான். 36 × 10⁻⁸ என்று மாற்றி எழுதுங்கள். மூலம் 6 × 10⁻⁴ என்று உடனே வந்துவிடும். இதுவே ஹைட்ரஜன் அயனிச் செறிவு. அமிலத்தில் 3 சதவீதம்தான் பிரிந்திருக்கிறது. 5 சதவீதத்துக்குள் இருப்பதால் இந்தச் சுருக்குவழி செல்லும்.

அடுத்து மடக்கை. 2க்கு 0.30, 3க்கு 0.48, 7க்கு 0.85 என்ற மூன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். 5க்கு 1 − 0.30 = 0.70. 6க்கு 0.30 + 0.48 = 0.78. ஆகவே பிஎச் = 4 − 0.78 = 3.22. அவசரத்தில் கழிப்பதற்குப் பதில் கூட்டி 4.78 என்று குறிப்பவர்கள் ஏராளம், அந்த எண்ணும் தெரிவுகளில் பெரும்பாலும் காத்திருக்கும். செறிவு 10⁻³க்கும் 10⁻⁴க்கும் இடையில் இருப்பதால் பிஎச் 3க்கும் 4க்கும் இடையில்தான் இருக்க முடியும் என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் இந்தத் தவறு நேராது. இன்னொன்று: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8 அல்ல. நீரே தரும் 10⁻⁷ அளவு அயனிகளையும் சேர்த்தால் விடை 6.98 அருகில் வரும். அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது காரமாகிவிடாது.

விகிதக் கணக்குகளில் சமன்பாடு முழுவதையும் எழுதாதீர்கள். மாறுவதை மட்டும் எடுங்கள். பாய்ஸொய் சமன்பாட்டின்படி குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அழுத்த வேறுபாடு மாறாமல் இரத்தக் குழாயின் ஆரம் பாதியானால் பாய்வு 16இல் ஒரு பங்கு. ஆரம் 1 சதவீதம் குறைந்தால் பாய்வு சுமார் 4 சதவீதம் குறையும். ஆனால் இந்தப் பெருக்கல் வழி சிறு மாற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆரம் 20 சதவீதம் குறைந்தால் 80 சதவீதம் குறைவு என்று சொல்லிவிடக் கூடாது. 0.8இன் நான்காம் அடுக்கு 0.41, எனவே குறைவு 59 சதவீதம்.

முதல்வகை வினைகளுக்கு 0.693ஐ வினைவேக மாறிலியால் வகுத்தால் அரை ஆயுள். 75 சதவீதம் முடிய இரண்டு அரை ஆயுள்கள், 99.9 சதவீதத்துக்கு ஏறக்குறைய பத்து.

அலகுகளை எண்ணுடன் சேர்த்தே எழுதுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் 10⁻⁶ கன மீட்டர். 10⁻² என்று போட்டால் விடை பத்தாயிரம் மடங்கு பிசகும். வாயுக் கணக்கில் வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். லென்சின் திறனுக்குக் குவியத் தூரம் மீட்டரில் வேண்டும்: 50 சென்டிமீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரியாத கிட்டப்பார்வைக்குத் தேவை −2 டையாப்டர்.

உயிரியலில் கணிதம் எட்டிப்பார்ப்பது மரபியலில். பெற்றோர் இருவரும் ஓர் ஒடுங்கு நோயின் கடத்திகள், அதாவது நோய்க்கான மரபணு ஒன்றைச் சுமந்தும் நோய் இல்லாதவர்கள். குழந்தைக்கு நோய் இல்லை. அக்குழந்தை கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 1/2 அல்ல, 2/3. நோய் இல்லை என்று கேள்வியே சொல்லிவிட்டதால் பெற்றோரின் மரபணுக்களைச் சேர்த்துப் போடும் நான்கு கட்டங்களில் நோயுள்ள ஒன்றை அடித்துவிட்டு, மிச்சமுள்ள மூன்றில்தான் எண்ண வேண்டும்.